புகைப்படக் கருவிக்கு ஒரு பெட்டி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

பெட்டி என்றால் எங்கள் வீட்டில் சோறு என்று பொருள். என் தந்தையார் வேங்கிக்காலில், வேலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் டிரங்குப் பெட்டி செய்கிறார். அவருக்கு முன் என் பாட்டனாரும் அதையே செய்தார். சீர்வரிசைக்குப் பெட்டி, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெட்டி, பட்டாளத்துக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி என்று ஒரு காலத்தில் இரவிலும் சுத்தியல் சத்தம் ஓயாதாம். இப்போது பிளாஸ்டிக்கும் சூட்கேசும் வந்துவிட்டன. ஆடி கழிந்து கல்யாண மாதங்கள் வந்தால்தான் கொட்டகையில் கலகலப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதுவது என்று யோசித்தபோது, சந்திரனைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதுவதைவிட, எனக்குக் கைவந்த ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

கேமராவுக்கு உட்புறம் தோல் வைத்த உலோகப் பெட்டி செய்யும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கைவந்த ஒன்று என்றேன். உண்மையில் அது முதல் தடவை கைவரவில்லை. முதலில் நான் செய்த பெட்டி, காக்க வேண்டிய பொருளையே கெடுத்துவிட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படிப்போர் பொறுத்தருள்க.

கேமரா என்னுடையதன்று, என் தாய்மாமனுடையது. யாஷிகா மாட் 124 ஜி என்பது அதன் பெயர். ஜப்பானில் 1970 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த வகைக் கருவி, தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் புகைப்பட நிலையங்களில் நெடுங்காலம் அரசோச்சியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள் இருக்கும். மேல் லென்சு நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்சு படம் எடுப்பதற்கு. கழுத்தில் மாட்டி, வயிற்றருகே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். அதனால் புகைப்படக்காரர் மணமக்களுக்கு வணக்கம் சொல்வது போலவே இருக்கும்! மாமா அந்தக் கருவியோடு சைக்கிளில் சுற்றாத ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை. திருமணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம், சில வேளை இறந்தோர் படம். என் பாட்டியாரின் ஒரே படம் அந்தக் கருவியில் எடுத்ததுதான். நான் முதலாண்டில் சேர்ந்தபோது கட்டிய கட்டணத்திலும் அந்தக் கருவியின் பங்கு உண்டு.

டிஜிட்டல் வந்தபின் மாமா அதைத் தொடுவது குறைந்தது. கருவியோடு வந்த பழுப்பு நிறத் தோல் உறை, தையல் இற்று, மூடி கையோடு வந்துவிட்டது. “மாப்ளே, உங்கப்பா பெட்டிக்காரரு. இதுக்கு ஒண்ணு பண்ணிக் குடுக்கச் சொல்லேன்” என்றார். “அப்பா எதுக்கு மாமா, நானே செய்றேன்” என்றேன். இது 2024 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. அப்போது எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

பெட்டியின் வரலாற்றை ஈண்டு ஒரு சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். கேமராவைக் காப்பது என்பது கேமரா இந்நாட்டுக்கு வந்த நாள்முதலே உள்ள கவலை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1857-58 ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படம் எடுத்தார். கருவிகளும் மருந்துகளும் காகிதங்களும் மாட்டு வண்டிகளில் சென்றன. நம் வெயிலிலும் புழுதியிலும் அவற்றைக் கொண்டுபோய் மீட்டு வந்ததே ஒரு சாதனை. பின்னர் இங்கிலாந்தில் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்கு மரத்தில் பித்தளை மூலைகள் வைத்துக் கேமராக்கள் செய்தார்கள். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழில் செய்த ஏர்ல் ஹாலிபர்ட்டன் என்பவர், புழுதியிலும் வண்டிக் குலுக்கலிலும் தம் பெட்டிகள் நாசமாவதைக் கண்டு, 1938 ஆம் ஆண்டில் அலுமினியத்தில் பெட்டி செய்யச் சொன்னார். புகைப்படக்காரர்கள் விரும்பித் தூக்கும் வெள்ளி நிறப் பெட்டிகளுக்கு அதுவே முன்னோடி. 1969 இல் சந்திரனிலிருந்து கல்லும் மண்ணும் வந்து சேர்ந்ததும் அலுமினியப் பெட்டியில்தான். ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து அதைச் செய்தார்களாம். ஒட்டே இல்லாத பெட்டி! இதை அப்பாவிடம் சொன்னபோது, “ஒட்டு வைக்கத் தெரியாதவன் வேலை அது” என்று சிரித்தார்.

இனி என் முதல் பெட்டிக்கு வருகிறேன். கொட்டகையில் கிடந்த 22 கேஜ் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை எடுத்தேன். ஜி.ஐ. தகடு என்பார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியைச் சிறிதாக்கியது போல வெட்டி, மடித்து, மூலைகளுக்கு ஈயம் பற்றவைத்தேன். பித்தளைக் கீல், பித்தளைக் கொண்டி. உட்புறத்துக்கு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோல் வாங்கி, தகட்டின்மேல் நேராகச் சொல்யூஷன் தடவி ஒட்டினேன். “நடுவுல துணியாவது குடுடா” என்று அப்பா சொன்னார். பழைய ஆங்கிலப் படம் ஒன்றில் தோல் தகட்டோடு ஒட்டி வழவழவென்று இருப்பதைப் பார்த்திருந்தேன். அதனால் அப்பா சொன்னது காதில் ஏறவில்லை. பெட்டி பார்க்க மிக அழகாக இருந்தது. அந்தத் தோலின் மணமே ஒரு மணம். மாமாவிடம் காட்டி, கேமராவை உள்ளே வைத்து, எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் பத்திரப்படுத்தினேன்.

கார்த்திகை பிறந்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. டிசம்பர் 1 அன்று நம் மலையே சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை இவ்வூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் பெட்டியையா நினைப்போம்? வீட்டுச் சுவர் வியர்த்தது, துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. தீபம் முடிந்து, பொங்கலும் நெருங்கிய பிறகு, மாமா கேட்டாரென்று பெட்டியைத் திறந்தேன்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. பழைய கிணற்று வாடை. தோலின் ஓரங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. தகட்டை வெட்டிய விளிம்புகளில் தோல் கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. பித்தளைக் கீலைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கேமராவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மேல் லென்சின் ஓரத்தில் சிலந்தி நூல் போல மெல்லியதாக ஒன்று கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. கண்ணாடித் துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அது வெளியில் இல்லை, உள்ளே இருந்தது.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் லென்சை நெடுநேரம் பார்த்தார். “படம் புடிக்கிற கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்கற கண்ணுலதான் பூசணம். பொழச்சுது போ” என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழுது பார்ப்பவர் ஒருவர் லென்சைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். என் இரண்டு மாத டியூஷன் பணம் அதற்குப் போயிற்று. கண்ணாடிமேல் பூசியிருந்த மெல்லிய பூச்சில் நகக்கீறல் போல ஒரு தழும்பு நின்றுவிட்டது. பூஞ்சை சுரக்கும் அமிலம் அரித்த தடம் அது. அது இனி மாறாது.

ஏன் இப்படி ஆயிற்று? கருமை, பச்சை, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களுக்கும் மூன்று காரணங்கள் உண்டு. கருமையின் காரணத்தை எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அல்லர். பேருந்து நிலையத்தின் அருகே செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் தோல் துண்டைக் காட்டினேன். “பட்டைத் தோலை இரும்பு மேல ஒட்டினியா தம்பி? கறுத்துடுமே! அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டுத்தானே மை காச்சுவாங்க” என்றார். எனக்குச் சுரீர் என்றது. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்டு. கடுக்காயில் இருப்பது டானின். இரண்டும் சேர்ந்தால் கறுப்பு மை. ஆவாரம்பட்டையில் இருப்பதும் டானின்தானே! நான் ஒரு பெட்டி நிறைய மை காய்ச்சியிருந்தேன். துத்தநாகப் பூச்சு காக்குமே என்று கேட்கலாம். மேல்பரப்பை அது காக்கும். கத்தரி பட்ட விளிம்பில் இரும்பு வெளியே தெரிகிறதே. மேலும் தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாகமும் நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

பச்சை, பித்தளையில் உள்ள தாமிரம் தோலில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்ததால் வந்தது. பழைய தோல் வார்களில் பித்தளை ஆணியைச் சுற்றி இதைப் பார்க்கலாம்.

வெள்ளையைப் பற்றித்தான் நான் மிகுதியாக யோசித்தேன், ஏனெனில் கேமராவைக் கெடுத்தது அதுவே. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈரம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பெட்டி 24 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம், கொள்ளளவு ஏறத்தாழ 6.8 லிட்டர். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் 21 கிராம். 6.8 லிட்டருக்கு வகுத்தால் 0.15 கிராம்கூட இல்லை. மூன்று நான்கு சொட்டு! ஆனால் தோலோ? கிழித்தெடுத்த தோலில் 20 கிராம் துண்டு ஒன்றை வெட்டி, வேதியியல் ஆய்வகத்தின் உலர்த்திக் கலத்தில் ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுத்தேன். 17 கிராம் இருந்தது. ஆக, நூற்றுக்குப் பதினைந்து பங்கு நீர். பெட்டி முழுவதிலும் இருந்த தோல் 172 கிராம். அதில் நீர் சுமார் 26 கிராம். காற்றிலிருந்த நீரைப்போல் நூற்றெழுபது மடங்குக்கு மேல்! நான் கேமராவைப் பெட்டியில் வைக்கவில்லை. ஈரத் துண்டில் சுற்றி, ஊதித் தள்ளக் காற்றும் இல்லாத இருட்டறையில் பூட்டியிருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. 30 பாகையில் 70 விழுக்காடு ஈரமுள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. மார்கழி இரவில் இரும்பு அலமாரியில் உள்ள தகடு அதற்குக் கீழே எளிதாகக் குளிர்ந்துவிடும். பகலில் தோல் விட்ட ஆவி, இரவில் தகட்டின்மேல் பனித்து, மறுபடியும் தோலுக்கே திரும்பும். கடையில் கிடைக்கும் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டிருந்தேனே என்கிறீர்களா? அது குடிக்கக்கூடியது ஒன்றரை கிராம் போல. 26 கிராமுக்கு அது எம்மாத்திரம்?

அப்படியானால் தோலே வேண்டாமே, பஞ்சு (ஸ்பான்ஜ்) வைத்துவிடலாமே என்றால், அதிலும் வில்லங்கம் உண்டு. சாதாரண பாலியூரித்தேன் பஞ்சு சில ஆண்டுகளில் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுவென்று உதிரும். பழைய கேமராக்களின் கதவோரத்தில் ஒளி புகாமல் ஒட்டியிருக்கும் பஞ்சு தார் போல ஆகியிருப்பதைப் பழுது பார்ப்பவரே காட்டினார். கம்பளித் துணியை அந்து அரிக்கும். தோல் உதிராது, கீறாது, எத்தனை முறை உரசினாலும் தேயாது. ஆகவே தோல் வேண்டும், ஆனால் குறைவாக வேண்டும், தகட்டைத் தொடாமல் வேண்டும், பட்டைத் தோலாக இல்லாமல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. தமிழ்நாட்டுத் தோல் என்றால் நெடுங்காலம் ஆவாரம்பட்டைத் தோல்தான். நம் மாவட்டத்துத் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களெல்லாம் தோலால் பெயர் பெற்றவை. குரோமிய உப்பால் பதனிடும் முறை அமெரிக்காவில் 1884 இல் காப்புரிமை பெற்றது. அதைச் சென்னையில் சோதித்துக் காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர். சென்னை கலைத்தொழிற் பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியில், 1898 ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1903 வாக்கில் குரோம் தோலைக் கையிலெடுத்தார். நீரில் ஊறினாலும் எளிதில் அழுகாது என்பதால், கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு அது ஏற்றது என்று காட்டினார். அலுமினியமும் குரோம் தோலும் ஒரே மனிதர் கையால் ஒரே கூரையின்கீழ் தமிழ்நாட்டில் வேரூன்றியவை என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பு. ஏனென்றால் என் இரண்டாவது பெட்டிக்கு நான் தேர்ந்தெடுத்தவை அந்த இரண்டுமே!

இரும்பை விட்டு அலுமினியத்துக்கு ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அலுமினியம் பிடிக்காது. “மெத்துனு இருக்கும், நசுங்கிடும்” என்பார். மெத்தென்று இருப்பது உண்மைதான். ஆனால் தகடு வளையாமல் நிற்பது உலோகத்தின் விறைப்பை மட்டும் பொறுத்ததன்று. தடிமனின் முப்படியையும் பொறுத்தது. இரும்பின் யங் குணகம் அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் 22 கேஜ் இரும்பின் தடிமன் 0.71 மி.மீ.; நான் எடுத்த 18 கேஜ் அலுமினியம் 1.22 மி.மீ. முப்படி எடுத்தால் அலுமினியத் தகடு ஐந்து மடங்கு முந்துகிறது. கூட்டிக் கழித்தால் வளைவை எதிர்ப்பதில் அலுமினியம் ஒன்றே முக்கால் மடங்கு. எடையோ, அதே அளவுப் பெட்டிக்கு இரும்பு 1,230 கிராம், அலுமினியம் 725 கிராம். தாளில் போட்டுக் காட்டினேன். அப்பா தாளைப் பார்க்கவில்லை. இரண்டு தகட்டையும் வாங்கி முழங்காலில் வைத்து அமுக்கிப் பார்த்தார். “சரி, வெட்டு” என்றார்.

பெட்டி மூன்று உறுப்புகளால் ஆனது. முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றும் ஒரே தகடு; அதை U போல மடிக்க வேண்டும். இரு தலைப்பக்கங்களும் தனித் தகடுகள். அவற்றின் மூன்று ஓரங்களையும் 12 மி.மீ. மடித்து உள்ளே செருகி ரிவிட் அடிக்க வேண்டும். மூடி 5 செ.மீ. உயரத்தில் அதே முறையில் தனியாக. ஊசிமுனையால் கோடு கிழிக்கும்போது நான் தலைப்பக்கத்தை வெளி அளவில் கிழித்துவிட்டேன். தகட்டின் தடிமன் இருபுறமும் சேர்ந்து 2.4 மி.மீ.; அவ்வளவும் கூடிப்போய், செருகினால் நுழையவில்லை. உள்ளே போகிற உறுப்புக்கு உள் அளவு. இதைப் புத்தகத்தில் எழுதவே மாட்டார்கள்.

அலுமினியம் கூர்மையாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அதற்குப் பாத்திரக்காரர்களின் வழி ஒன்று உண்டு. மடிக்க வேண்டிய கோட்டின்மேல் சலவை சோப்பைத் தேய்த்து, பின்புறமாகத் தீயைக் காட்ட வேண்டும். சோப்புக் கோடு பழுப்பேறிக் கறுக்கும் நேரத்தில் தீயை நிறுத்திவிட வேண்டும். அலுமினியம் பழுக்கக் காய்ந்தாலும் இரும்பைப்போல் சிவக்காது. சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஓடிவிடும். அதனால் சோப்புதான் நமக்கு வெப்பமானி. ஆறியபின் தகடு துணிபோலக் குழையும். கொட்டகையில் கிடக்கும் தண்டவாளத் துண்டின் விளிம்பில் வைத்து, கட்டையால் அணைத்துப் பிடித்து, மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்ல மெல்லத் தட்டி மடிக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அங்கே தகடு விரிந்து அலையடிக்கும். என் மடிப்பு அலையடித்தது. அப்பாவின் மடிப்பு கோல் வைத்தது போல் இருந்தது. அந்தப் பெட்டியின் எந்தப் பக்கம் யார் மடித்தது என்று இன்றும் விரல் வைத்துச் சொல்லலாம்.

அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்வதே காரணம். ஆகவே எல்லாம் ரிவிட். அதுவும் அலுமினிய ரிவிட்டே வேண்டும். பித்தளையோ செம்போ வைத்தால், ஈரம் பட்டதும் இரு உலோகமும் சேர்ந்து மின்கலமாகி அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். 3 மி.மீ. ரிவிட், 25 மி.மீ. இடைவெளி. இரு தகட்டின் தடிமனோடு ரிவிட் விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் 7 மி.மீ. வருகிறது, அந்த நீளம் இருந்தால் தலை நன்றாகக் குந்தும். கீலும் கொண்டியும் துருப்பிடிக்காத எஃகு. அவற்றுக்கும் தகட்டுக்கும் இடையே சைக்கிள் டியூப் வெட்டி வைத்தேன். மூடியின் உள்விளிம்பிலும் அதே டியூப் பட்டை. பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, இருட்டில் சுற்றிப் பார்த்தால் எங்கே ஒளி கசிகிறதோ அங்கே புழுதியும் நுழையும். மூன்று இடத்தில் கசிந்தது. இரண்டைச் சரிசெய்தேன், மூன்றாவது கீலின் அருகே இன்னும் ஊசிமுனை அளவு இருக்கிறது.

வெளிப்புறத்தைப் பளபளவென்று விட எனக்கு ஆசை. ஆனால் பளபளப்பான உலோகம் வெயிலைக் குறைவாக ஏற்றாலும், ஏற்ற வெப்பத்தை வெளிவிடுவதிலும் கருமி. வெள்ளைப் பெயிண்டு குறைவாக வாங்கி மிகுதியாக விடும். ஆகவே அலுமினியத்துக்கென்று உள்ள பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்தேன். கிரிவலப் பாதையில் ஐஸ் விற்கிறவர் பெட்டி போல் இருக்கிறது என்று என் தங்கை கேலி செய்கிறாள்.

உட்புறத்துக்கு வருவோம். செருப்பின் அடிப்பாகத்துக்குப் பயன்படும் இ.வி.ஏ. தட்டையை 10 மி.மீ. தடிமனில் வாங்கினேன். அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திராதவை. அதனால் நீரை உறிஞ்சாது. இதைத் தகட்டின்மேல் ஒட்டி, அதன்மேல் மெல்லிய குரோம் ஆட்டுத்தோலை ஒட்டினேன். தோல் எங்கும் தகட்டைத் தொடவில்லை. தடிமனும் பரப்பும் குறைந்ததால் தோலின் எடை 88 கிராம் ஆயிற்று. முன்னதில் ஏறக்குறையப் பாதி. மூலைகளில் தோல் இரட்டிப்பாக வரும் இடங்களைச் சதைப்பக்கமாகச் சீவி மெலிதாக்க வேண்டும். இதை நான் செய்யவில்லை. செருப்புத் தைக்கும் பெரியவர் செய்து கொடுத்தார். அவர் கத்தியைத் தள்ளும்போது தோல் சீவல் வெற்றிலை நரம்பு போல் சுருண்டு விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பணம் கொடுத்தேன். பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். “படிக்கிற புள்ள, வச்சுக்க” என்றார்.

சொல்யூஷனின் வாடை முற்றும் போகும்வரை பத்து நாட்கள் பெட்டியைத் திறந்தே நிழலில் வைத்தேன். அது கத்திரி வெயில் காலம். தோல் தானாகவே காய்ந்துவிட்டது. கொளுத்தும் வெயிலில் நேராக வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஆகவே நிழல். அதன்பின் 100 கிராம் சிலிக்கா ஜெல்லை, துளையிட்ட சிறு டப்பாவில் போட்டு வைத்தேன். நடுத்தர ஈரத்திலேயே அது தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரைக் குடிக்கும். 88 கிராம் தோலுக்கு அது போதும். உலர்ந்திருக்கையில் நீலமாகவும் ஈரம் குடித்தபின் இளஞ்சிவப்பாகவும் மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது உடலுக்கு நல்லதன்று. ஆரஞ்சு நிற வகை வாங்குவது மேல். நிறம் மாறியதும் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி புதிதாகிவிடும். வீட்டில் வாணலியில் வறுக்கலாம், ஆனால் அந்த வாணலியை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

பூஞ்சை பொதுவாக 65, 70 விழுக்காட்டுக்கு மேல்தான் தலைதூக்கும். 40க்கும் 50க்கும் இடையே வைத்திருந்தால் லென்சுக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது. அதற்கும் கீழே உலர்த்தினால் தோல் வறண்டு சுருங்கும். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். 2025 ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு நாள் வீட்டுக்குள் 84 காட்டிய வேளையில், பெட்டிக்குள் 47 காட்டியது. இன்னொன்றும் செய்கிறேன். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கேமராவை வெளியே எடுத்து, ஷட்டரை நாலைந்து தடவை இயக்கி, லென்சை வெளிச்சத்தில் அரைமணி வைத்து, திரும்ப வைக்கிறேன். இருட்டும் அசையாத காற்றும்தான் பூஞ்சைக்குத் தொட்டில்.

உள்ளே இரண்டு அறைகள். பெரியதில் கேமரா நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக் கைச்சுழற்றி இடிக்காமல் தோலில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறேன். சிறியதில் சிலிக்கா டப்பாவும் நான்கு 120 ஃபிலிம் சுருளும். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். இக்காலத்தில் அதன் விலையும் கழுவும் கூலியும் கேட்டால் தலைசுற்றும். எனவே மாமா சுருளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். மொத்த எடை கேமரா இல்லாமல் 1 கிலோ 400 கிராம். கைப்பிடிக்கு அப்பா தம் டிரங்குப் பெட்டிக் கைப்பிடியையே போட்டுவிட்டார். பெட்டிக்கு அது பெரிது. சொன்னேன், “தூக்கறவன் கை பெருசா சின்னதா?” என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் மாமாவை வரச் சொல்லி, கொட்டகையில் வைத்தே பெட்டியைக் கொடுத்தேன். அவர் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. நேராகத் திறந்தார், மூக்கை உள்ளே விட்டு மோந்தார், கேமராவை எடுத்து டார்ச் அடித்து மேல் லென்சின் தழும்பைப் பார்த்தார், திரும்ப வைத்தார். மூடி, கொண்டியைப் போட்டார். அது கொஞ்சம் இறுகியது. “மாமா, ஒரு தடவை போட்டுப் போட்டு எடுத்தா சரியாயிடும்” என்றேன். “கல்யாண வீட்டுல ஒரு கைல ஃபிளாஷ் இருக்கும் மாப்ளே, இன்னொரு கைலதான் இதத் தெறக்கணும்” என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் அரத்தை எடுத்து, கொண்டியின் நாக்கில் இரண்டு இழுப்பு இழுத்தார். மாமா ஒற்றைக் கையால் திறந்து பார்த்தார், திறந்தது.